பச்சைக் குருவியும் கொடைமடமும்

கொடைமடம் என்பது நம் பண்டைப் புலவர் நமக்கு அளித்துச் சென்ற அரிய சொற்களுள் ஒன்று. படர்வதற்குக் கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குத் தேரை ஈந்தான் பாரி. குளிரால் நடுங்கியதென்று கருதி மயிலுக்குப் போர்வை அளித்தான் பேகன். தேர் ஏறிச் செல்ல முல்லை அறியாது. போர்வையை உடுத்துக்கொள்ள மயில் அறியாது. அஃது உணர்ந்தும் நம் முன்னோர், அவ்வள்ளல்களின் உள்ள நெகிழ்ச்சியையே பெரிதாகக் கொண்டு, அம்மடமையையும் ஓர் அணியாகவே போற்றினர். வகுப்பறையில் இவ்வரலாறுகளைக் கேட்குந்தோறும் யானும் நெஞ்சம் உருகியதுண்டு. ஆயின், இவ்வாண்டு ஒரு சிறு பறவையின் வரலாற்றைக் கற்ற பின்னர் ஒரு வினா என்னை விடாது தொடர்கின்றது. பேகன் ஈந்த போர்வை அம்மயிலின் உயிருக்கே இறுதியாய் முடிந்திருப்பின், நாம் அவனை யாங்ஙனம் பாடியிருப்போம்?

அப்பறவையை யான் அறிந்த வகையை முதற்கண் கூறுவேன். ஆங்கிலப் பாடத்தின் தொடர்பாக, வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞர் 1807-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பச்சை லின்னட்’ என்ற பாட்டைப் படிக்க நேர்ந்தது. இளவேனிற் காலத்துப் பழத்தோட்டத்தில், இலையோடு இலையாய் மறைந்தும் தோன்றியும் களிக்கும் ஒரு புள்ளைக் கண்டு அவர் பாடியது அது. அப்புள் யாதென்று அறிய விரும்பி நூல்நிலையத்துப் பறவை நூலொன்றைப் புரட்டினேன். லின்னட் என்பது பழைய வழக்கென்றும், கவிஞர் கண்டது இன்று ‘கிரீன்பிஞ்ச்’ என ஆங்கிலேயர் அழைக்கும் பறவையே என்றும் தெரிந்துகொண்டேன். அது தமிழ்நாட்டுத் தோட்டங்களில் வாழ்வதன்று. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், அதனை அடுத்த ஆப்பிரிக்க ஆசியப் பகுதிகள் சிலவற்றிலும் அது வாழ்கின்றது. அதற்கு உறவான மற்றோரினம் நம் இமயச் சாரலில் உண்டு. இக்கட்டுரையில் அதனைப் பச்சைக் குருவி என்றே வழங்குவேன்.

யான் இதனைப் பற்றி எழுதப் புகுவதாகக் கூறியபோது, “நாம் கண்டும் கேட்டும் அறியாத பறவையைப் பற்றி நமக்கென்ன கவலை?” என்று விடுதி நண்பர் ஒருவர் நகைத்தார். அவருக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். பறவை அயல்நாட்டது, ஆயின் அதன் வாயிலாக வெளிப்படும் உண்மை எந்நாட்டுக்கும் உரியது.

பச்சைக் குருவி ஏறத்தாழ 15 செண்டிமீட்டர், அஃதாவது ஆறு அங்குல நீளமும், 28 கிராம் அளவினதாகிய எடையும் உடையது. ஆண் பறவையின் மேனி பாசிப் பச்சை நிறத்தது. சிறகின் ஓரத்திலும் வாலின் இருமருங்கிலும் மஞ்சட் கோடுகள் பளிச்சிடும். பெண் பறவை நிறம் மங்கியது. விதைகளை உடைத்தற்கேற்பத் தடித்துக் குவிந்த அலகு இரண்டிற்கும் உண்டு. வேனிற் காலத்தே ஆண் பறவை வண்ணத்துப்பூச்சியைப் போலச் சிறகை மெல்ல மெல்ல அசைத்து, பாடிக்கொண்டே வட்டமிடும். அதன் பாட்டு குயிலிசை போன்ற இன்னிசையன்று. சலசலவென்ற கிலுகிலுப்பும், இடையிடையே மூக்காற் பேசுவதொத்த ஒரு நீண்ட இழுப்பும் கலந்தது. எனினும் ஆங்கிலேயர் தம் வீட்டு வேலிப்புறத்தே கேட்டுக் கேட்டுப் பழகிய ஒலி அது. அடர்ந்த புதர்களிலும் வேலிகளிலும் கூடு கட்டி, நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். பெண் பறவை இரு கிழமையளவு அடைகாக்க, ஆண் பறவை இரை கொணர்ந்து அதன் வாயில் ஊட்டும். குஞ்சு பொரித்தபின் தாயும் தந்தையும் தாம் உண்ட விதைகளை இரைப்பையில் மென்மையாக்கி, மீண்டும் வாய்வழி எடுத்துக் குஞ்சுகட்கு ஊட்டும். இவ்வூட்டும் இயல்பை நேயர்கள் நினைவிற்கொள்க. பின்னர் இதனாற் பயனுண்டு.

இனி, இப்பறவை மனிதனோடு நெருங்கிய வரலாற்றைக் காண்போம். முற்காலத்தே இது வயற்புறத்துப் பறவை. அறுவடைக்குப் பின் தாளடியிற் சிந்திக் கிடக்கும் தானியமும், களைகளின் விதையும் அதன் குளிர்கால உணவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தின் வேளாண்மை முறை மாறியது. களைகொல்லி மருந்துகள் களைகளை ஒழித்தன. இலையுதிர் காலத்திலேயே அடுத்த பயிரை விதைக்கும் வழக்கம் தாளடி நிலங்களைக் குறைத்தது. வயலில் உணவிழந்த பறவை வீட்டுத் தோட்டத்தை நாடிற்று. ஆங்கு அதற்கு விருந்து காத்திருந்தது.

பறவைகட்கு உணவிடுதல் ஆங்கிலேயரின் பழைய வழக்கம். 1890–91-ஆம் ஆண்டின் கொடிய பனிக்காலத்தில், பசியால் மடியும் பறவைகட்கு உணவு வைக்குமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டின. 1910-ஆம் ஆண்டில் ‘பஞ்ச்’ என்னும் நகைச்சுவை இதழ், பறவைக்கு உணவிடுதலை அந்நாட்டின் தேசியப் பொழுதுபோக்கு என்றே குறித்தது. நாளடைவில் ரொட்டித் துணுக்குகள் போய், நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் வந்தன. அவற்றை இட்டுத் தொங்கவிடும் கம்பிக் கூண்டுகளும் குழாய்களும் கடைகளில் மலிந்தன. சூரியகாந்தி விதை என்றால் பச்சைக் குருவிக்கு உயிர். 1990-ஆம் ஆண்டை அடுத்த பத்தாண்டுகளில் அதன் இனம் பெருகிற்று. தோட்டத்திற்கு வரும் பறவைகளுள் மிக எளிதிற் காணத்தக்கவற்றுள் ஒன்றாய் அது விளங்கிற்று. மனிதன் ஒரு கையாற் பறித்த உணவை மறுகையால் மீள அளித்தான் என்று நாம் மகிழலாம். கதை இவ்வளவில் முடிந்திருப்பின் இது கொடையின் வெற்றியைப் பாடும் கட்டுரையாக இருந்திருக்கும்.

2005-ஆம் ஆண்டில் பிரிட்டனிற் பிஞ்ச் இனப் பறவைகளிடையே ஒரு புதிய நோய் காணப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் கோடையில் அது கொள்ளை நோயாய்ப் பரவிற்று. டிரைக்கோமோனாஸ் காலினே என்னும் ஓரணு உயிரே அதன் காரணம். அவ்வுயிர் புதியதன்று, 1878-ஆம் ஆண்டிலேயே அறிஞர் அதற்குப் பெயரிட்டுவிட்டனர். புறாக்களின் தொண்டையில் வாழும் ஒட்டுண்ணி அது. புறாவைத் தின்னும் வல்லூறுகட்கு அதனால் வரும் நோயைப் பண்டை வேட்டைக்காரரும் அறிந்திருந்தனர். புறாவினின்று அது சிறு பறவைகளிடம் தாவியதே புதுமை. நோயுற்ற பறவையின் தொண்டையிற் புண் தோன்றி வழியை அடைத்துவிடும். விதையை எடுக்கும், விழுங்க மாட்டாது. நீரை நாடும், பருக இயலாது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, ஏனைய பறவைகள் ஆளரவம் கேட்டுப் பறந்தோடவும், தான் மட்டும் உணவுக் கூண்டின் அருகே அமர்ந்திருக்கும். உணவு நிறைந்த பாத்திரத்தின் முன் பசியால் மடிதல் என்பது எத்துணைக் கொடுமை!

இந்நோய் பரவும் வழியே நம் சிந்தனைக்கு உரியது. இவ்வுயிர் உலர்ந்த இடத்தில் நெடுநேரம் வாழாது. ஈரமே அதற்கு இருப்பிடம். நோயுற்ற பறவை விழுங்க மாட்டாது கக்கிய ஈர விதையை மற்றொன்று எடுத்துண்ணும். அது வாய் வைத்த நீரை வேறொன்று பருகும். வயற்புறத்தில் நூறு இடங்களிற் சிதறி உண்ணும் பறவைகள், தோட்டத்தில் ஒரே பலகையில், ஒரே தொட்டியில் நாள்தோறும் கூடுகின்றன. நோயின் ஊற்றாகிய புறாவும் அவ்விருந்திற்கு வருகின்றது. கூட்டமாய் உண்ணும் இயல்புடைய பச்சைக் குருவிக்கு இதனால் வந்த கேடு ஏனையவற்றினும் பெரிது. மேலும், முன்னர்க் கூறிய ஊட்டும் இயல்பை இங்கு எண்ணிப் பார்க்க. அன்பினால் ஆண் பறவை பெண்ணுக்கு ஊட்டும் இரையும், தாய் குஞ்சுக்கு ஊட்டும் இரையும் நோய்க்கு வழியாயின. அன்பு செல்லும் பாதையிலேயே மரணமும் சென்றது.

விளைந்த அழிவின் அளவைச் சில எண்கள் காட்டும். 2006-ஆம் ஆண்டிற்கு முன் பிரிட்டனில் 43 இலட்சமாக மதிக்கப்பட்ட பச்சைக் குருவிகள், 2009-ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 28 இலட்சமாயின. 2008-ஆம் ஆண்டில் நோய் ஸ்காண்டிநேவிய நாடுகளையும் எட்டிற்று. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டானியப் பறவை அறிஞர் 245 இனங்களை ஆராய்ந்து தம் பட்டியலை வெளியிட்டபோது, 70 இனங்கள் மிகுந்த இடர்ப்பாட்டைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றன. 1993-ஆம் ஆண்டு முதல் நூற்றுக்கு 62 பங்கு குறைந்துவிட்ட பச்சைக் குருவி அவற்றுள் ஒன்று. அச்சமில்லை என்னும் பச்சைப் பட்டியலில் இருந்த அது, இடைப்பட்ட மஞ்சட் பட்டியலில் நில்லாது, ஒரே தாவலிற் சிவப்புக்கு வந்துவிட்டது.

இதனோடு ஒப்பிட்டுக் காணத்தக்கது ஒன்றுண்டு. நடுநிலக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவில் பச்சைக் குருவி உள்ளிட்ட ஏழு வகைப் பிஞ்ச் பறவைகளை வலைவீசிப் பிடித்துக் கூண்டிலடைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2004-ஆம் ஆண்டில் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்த பின்னர் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டு, பிற்காலத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனை அனுமதித்தது சட்டத்திற்கு மாறானதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு ஜூன் திங்களிற் தீர்ப்புரைத்தது; பின்னர் ஆராய்ச்சி என்ற பெயரால் அது மீண்டும் தொடங்கப்பட்டபோது, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அதனையும் குற்றமெனக் கண்டது. வலைஞனைத் தடுக்கச் சட்டம் உண்டு. அவனைக் குற்றஞ்சாட்ட நீதிமன்றம் உண்டு. ஆனால் காலையிற் சன்னலைத் திறந்து, பரிவோடு ஒரு பிடி விதையைப் பாசி படிந்த பழம் பலகையில் இடும் மூதாட்டியை எந்தச் சட்டம் தடுக்கும்? அவரைக் குற்றவாளி என்று கூற எவர் நாவெழும்? வன்கண்மையால் விளையும் தீமையைக் காண்டல் எளிது. அருளால் விளையும் தீமையைக் காண்டலோ அரிது. தன்னை நல்லவனென்று அறிந்தவன் தன் செயலை மீண்டும் ஆராய்வதில்லை.

இந்நிலையிற் செய்யத்தக்கது யாது என்பது பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. உணவிடுதலையே அறவே நிறுத்துக என்பர் ஒரு சாரார். காட்டுயிரைக் காட்டின்பாற்பட விடுதலே முறை. மனிதன் தலையிட்டதனாலன்றோ இக்கேடு என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் இது முழு உண்மையன்று. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, தோட்டங்களில் இடும் உணவால் அங்கு வரும் பறவையினங்களின் வகை பெருகியிருப்பதைக் காட்டிற்று. 1970-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் பத்துத் தோட்டங்களுள் ஒன்றிற்கும் குறைவானவற்றிலேயே உணவு கொண்ட பொன்பிஞ்ச் என்னும் சிறு பறவை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பத்தில் எட்டிற்கு மேற்பட்டவற்றில் உணவு கொண்டது. அதே ஆராய்ச்சி, காட்டுப் புறாவும் அவ்வாறே தோட்டங்களிற் பெருகியதைக் கூறுகின்றது என்பதையும் மறைத்தல் ஆகாது. அன்றியும், வயல்களை வெறுமையாக்கிய பின்னர், தோட்டத்தையும் அடைத்துவிட்டுக் காட்டிற்குப் போ என்று பறவைக்குக் கூறுதல் அறமாகுமா? கடன்பட்டவன் கடனை மறுப்பதற்கு ஒப்பாகும் அது.

நோய் இயற்கையின் செயல். நாம் இட்ட உணவுக்காக வருந்தவேண்டுவதில்லை. வழக்கம்போல் இடுவோம் என்பர் மற்றொரு சாரார். இவர்தம் உள்ளம் இனியது, அறிவோ உறங்குகின்றது. ஒட்டுண்ணியை நாம் படைக்கவில்லை என்பது உண்மையே. ஆயின் அது ஏறிச் செல்லும் பாலத்தை அமைத்தது நாம். வெளியில் திரியும் நோயுற்ற பறவைக்கு மருந்தூட்டிக் குணப்படுத்த வழியில்லை. எது எவ்வளவு உண்டதென்று யார் அறிவார்? எனவே நோய் வந்தபின் நம் கையில் ஒன்றுமில்லை. வருமுன் காத்தல் ஒன்றே நம் கையில் உள்ளது. அதனையும் செய்யோம் என்பார் கொடையாளர் ஆவது எங்ஙனம்?

யான் இவ்விரு சாராரோடும் உடன்படேன். இடுக, ஆயின் அறிந்து இடுக என்பதே என் கருத்து. பறவை அறிஞர் கூறும் முறைகள் கடினமானவை அல்ல. உணவுக் கூண்டையும் பலகையையும் கிழமைக்கு ஒருமுறையேனும் கழுவி, நுண்ணுயிர் கொல்லும் மருந்திட்டு, அலசி, நன்றாக உலர்த்துதல்; நீர்த்தொட்டியை நாள்தோறும் காலிசெய்து தூய நீர் நிரப்புதல்; ஓரிடத்திலேயே வையாது இடத்தை மாற்றி மாற்றி வைத்தல்; ஓரிரு நாளில் உண்டு தீரும் அளவே இடுதல்; நோயுற்ற பறவை ஒன்றைக் கண்டால் இரு கிழமைக்கேனும் உணவையும் நீரையும் நிறுத்திப் பறவைகளைக் கலைந்து போகச் செய்தல். தட்டையான பலகைகளில் உணவும் எச்சமும் ஒருங்கே சேர்வதால், பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புக் கழகம் 2025-ஆம் ஆண்டில் அத்தகைய பலகைகளின் விற்பனையைத் தான் நிறுத்திவைத்தது. தனக்கு வருவாய் தரும் பொருளையே ஐயுற்று நிறுத்திய அச்செயல் பாராட்டத்தக்கது. இவையனைத்தினும் சிறந்த வழி ஒன்றுண்டு. காட்டு ரோசாவையும் முள்வேலியையும் சூரியகாந்தியையும் வளர்த்து, அவற்றின் விதைத்தலைகளை வெட்டாது விட்டுவிடின், பறவைகள் ஒரு தட்டில் நெருங்காமல் செடிதோறும் சென்று உண்ணும். பிச்சையிடுதலினும் பிழைக்கும் வழியை மீட்டுத் தருதல் மேலான அறமன்றோ?

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ளுதல் முறை. சென்ற கோடையில், விடுதியில் என் அறைச் சன்னலின் மேல் ஒரு மண்சட்டியில் நீர் வைத்தேன். சிட்டுக் குருவிகளும் மைனாக்களும் வந்து பருகின. முதல் ஐந்தாறு நாட்கள் நாள்தோறும் நீர் மாற்றினேன், பின்னர்த் தேர்வு நெருங்கியது, சட்டியை மறந்தேன். ஒருநாள் பெருக்க வந்த அம்மையார், “தம்பி, நீங்க வெச்ச தண்ணியிலே புழு நெளியுது, பாத்தீங்களா?” என்றார். எட்டிப் பார்த்தேன். பச்சைப் பாசி படர்ந்து, பறவை எச்சம் மிதக்க, கொசுப் புழுக்கள் துள்ளின. யான் நீர் வைத்தவன் என்ற பெருமையை ஒரு மாதமாக நெஞ்சிற் சுமந்துகொண்டிருந்தேனே அன்றி, அந்நீரை ஒருமுறையும் நோக்கினேனல்லேன். அச்சட்டியால் ஏதேனும் பறவை மடிந்ததென்று யான் கூறேன், அறியேன். ஆயின் பச்சைக் குருவியின் கதையைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவிற்கு வந்தது அச்சட்டியே. இடுகின்ற இன்பம் ஒரு நொடியில் முடிந்துவிடுகின்றது. கழுவுகின்ற கடமையோ நாள்தோறும் வருகின்றது. முன்னதற்கு உள்ளம் போதும். பின்னதற்கு உறுதி வேண்டும்.

நண்பர்களே! நம் கல்லூரி மாணவர் பலர் பிறர்க்கு உதவும் பணிகளில் ஆர்வத்தோடு ஈடுபடுகின்றனர். அவ்வார்வம் வாழ்க. ஆயின் எவர்க்கு உதவுகின்றோமோ அவர்தம் தேவை யாது, நம் உதவி அவரைச் சென்றடைந்தபின் யாது விளைந்தது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? கொடுத்த கையைப் பற்றிய புகைப்படத்தோடு நம் கடமை முடிந்துவிடுகின்றதா? இவ்வினாவைக் கேட்பதற்கே ஆறங்குலப் பறவையொன்றை அயல்நாட்டினின்று அழைத்துவந்தேன். கண்டறியாப் பறவையைப் பற்றி நமக்கென்ன கவலை என்று வினவிய நண்பருக்கு என் விடை இதுவே.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் புகழ் மங்காது; மங்கவும் வேண்டா. அக்கொடைமடத்தால் எவ்வுயிர்க்கும் ஊறு நேரவில்லை. ஆயின் உலகம் இன்று நெருங்கிவிட்டது. பல இலட்சம் வீடுகளில் ஒரே நேரத்தில் ஒரே வகை உணவை ஒரே வகைக் கூண்டில் இடும் காலம் இது. ஒருவன் மடமை ஒருவனோடு முடிந்த காலம் போயிற்று. இக்காலத்து வள்ளலுக்கு நெகிழ்ந்த நெஞ்சோடு விழித்த கண்ணும், கழுவிய கையும் வேண்டும். இங்கிலாந்தின் ஒரு தோட்டத்தில் நாளைக் காலை ஒருவர் விதையிடு முன் அப்பலகையைக் கழுவுவாராயின், அங்கே அமர்ந்து உண்ணும் பச்சைக் குருவி அடுத்த வேனிலிலும் வண்ணத்துப்பூச்சியென வட்டமிட்டுப் பாடக்கூடும். யானும் நாளை முதல் என் மண்சட்டியை நாள்தோறும் கழுவுவேன்.